மஞ்சாடியும் மோலும்

தூத்துக்குடிக் கரையில் முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சிப்பியை அழுகவிட்டு அலசி முத்தைப் பொறுக்கி முடித்ததும் பித்தளைச் சல்லடைகள் வெளியே வரும். ஒவ்வொன்றும் ஒரு சிறு தட்டின் அளவுதான் இருக்கும். பெட்டி என்று அவற்றுக்குப் பெயர். முதல் பெட்டியில் 20 துளைகள், அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400 என்று ஏறிக்கொண்டே போய் 1000 துளைகள் வரை உண்டு. பெட்டிகள் எல்லாம் ஒரே அகலம். ஆகவே துளைகள் பெருகப் பெருக ஒவ்வொரு துளையும் சிறுக்கும். முத்தை முதல் பெட்டியில் கொட்டிக் குலுக்குவார்கள். தங்கியது 20 துளைப் பெட்டி முத்து. விழுந்தது அடுத்த பெட்டிக்குப் போகும். எதிலும் நிற்காமல் அடிக்கு இறங்கியது தூள்.

பிரித்த பிறகு எடை. அதற்கு மஞ்சாடி: பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் அதே சிவப்பு விதை. ஒன்று ஏறக்குறைய கால் கிராம் இருக்கும். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஆனால் எடையை மட்டும் வைத்து முத்துக்கு விலை சொல்ல முடியாது. ஒரு மஞ்சாடி எடையில் ஒரே முத்து இருப்பதும், அதே எடையில் நாலு முத்து இருப்பதும் ஒன்றாகுமா? அதற்காக வந்த கணக்குத்தான் செவ்வு. மொத்த எடையை மஞ்சாடியில் எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, முக்கால் பங்கு எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பத்து மஞ்சாடி எடையில் பத்து முத்து இருந்தால் ஏழரைச் செவ்வு. அதே பத்து மஞ்சாடியில் நாற்பது முத்து இருந்தால் ஒன்றே முக்கால் செவ்வும் அரைக்காலும். எடை மாறவில்லை. ஒரு முத்தின் சராசரி எடை நாலில் ஒன்றாகக் குறைந்தது. மதிப்பும் நாலில் ஒன்றாகிவிட்டது.

இந்தக் கணக்கில் மூன்று எண்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன: மொத்த எடை, எண்ணிக்கை, ஒன்றின் சராசரி எடை. இரண்டு தெரிந்தால் மூன்றாவது வந்துவிடும். வேதியியலில் மோல் என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர்கள் மிரள்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பதும் இந்த மூன்று எண்கள்தாம்.

முந்திரிப் பருப்பு வியாபாரத்தில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். 320 நம்பர் பருப்பு என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, ஏறக்குறைய 320 பருப்பு நிற்கும். 240 நம்பர் அதைவிடப் பெரிது. மூட்டையைப் பிரித்து யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. தராசே எண்ணிச் சொல்லிவிடுகிறது. முந்திரியில் எடையை நிலையாக வைத்து எண்ணிக்கையைப் பேசுகிறோம். வேதியியலில் எண்ணிக்கையை நிலையாக வைத்து எடையைப் பேசுகிறோம். அந்த நிலையான எண்ணிக்கை 6.02214076 × 10²³. அத்தனை துகள்கள் சேர்ந்தால் ஒரு மோல். 2019 மே 20 முதல் இந்த எண்ணே மோலின் வரையறை. ஒரு தனிமத்தில் இத்தனை அணுக்களை அள்ளித் தராசில் வைத்தால் காட்டும் கிராம் அளவுதான் அந்தத் தனிமத்தின் மோலார் நிறை. கார்பன்-12 என்ற அணு மட்டும் இருந்தால் 12 கிராம். சோடியம் என்றால் 22.99 கிராம், கால்சியம் என்றால் 40.08.

பள்ளியில் இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்: அட்டவணையில் அணு நிறையைப் பார், பின்னால் கிராம் என்று எழுது. விடை சரியாக வரும், மதிப்பெண்ணும் வரும். அட்டவணையில் அந்த எண் எப்படி ஏறியது, ஏன் பெரும்பாலும் அது முழு எண்ணாக இல்லை என்பது மட்டும் வகுப்பறைக்குள் வருவதே இல்லை. எனக்கு அதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடியாகத் தெரிகிறது. அதைத் தேடி முத்துக் கரையிலிருந்து உப்பளத்துக்குப் போகலாம்.

தூத்துக்குடியிலிருந்து கடற்கரையோரமாகக் கிளம்பினால் சற்று நேரத்தில் பாத்திகள் கண்ணில் படும். கடல்நீரை வெயிலில் காயவிட்டுப் பாத்தி பாத்தியாக மாற்றுவார்கள். முதலில் ஜிப்சம் அடியில் தங்கும். நீரின் அடர்த்தி ஏறி அடர்த்திமானியில் 25 டிகிரியைத் தொட்டதும் உப்பு மணி கட்டத் தொடங்கும். முப்பதுக்குள் உப்பை வாரிவிட வேண்டும்; தாமதித்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பு ஏறும். வாரிக் குவித்த உப்பில் ஒரு பகுதி சமையலறைக்குப் போகிறது. இன்னொரு பகுதி ரசாயன ஆலைகளுக்கு. ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் சாகுபுரத்தில் இருக்கும் ஆலை உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறது.

இப்படிப்பட்ட ஆலையில் உப்பு வாங்குகிறவருக்கு மோலார் நிறை தினசரிக் கணக்கு. சோடியம் 22.99, குளோரின் 35.45, இரண்டும் சேர்ந்தால் 58.44 கிராம் ஒரு மோல் உப்பு. ஆக, சுத்தமான ஒரு டன் உப்புக்குள் 607 கிலோ குளோரின் இருக்கிறது. அதிலிருந்து கிடைக்கக்கூடிய காஸ்டிக் சோடா 684 கிலோ. எவ்வளவு திறமையாக ஆலையை ஓட்டினாலும் இதைத் தாண்ட முடியாது. உப்பின் சுத்தம் 96 சதவீதம் என்றால் குளோரின் 582 கிலோவாக இறங்கிவிடும். லாரி லாரியாக வந்து இறங்கும் உப்பில் நாலு சதவீதம் எத்தனை பெரிய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, 35.45 என்ற எண்ணைக் கண்டது யார்? 1860-களில் பெல்ஜியத்தில் ழான் ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் அணு நிறைகளை அதுவரை யாரும் எட்டாத துல்லியத்தோடு தீர்மானித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாய்த்த சாதனம் தராசு மட்டுமே. வெள்ளியை நிறுத்து, அமிலத்தில் கரைத்து, குளோரைடோடு சேர்த்தால் தயிர் திரிந்தது போல வெண்மையாக வெள்ளிக் குளோரைடு இறங்கும். தூத்துக்குடிக் கடல்நீரைக் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினாலும் இதே வெண்மைதான் திரளும். அதைக் கழுவி, உலர்த்தி, மறுபடி நிறுக்க வேண்டும். 107.87 கிராம் வெள்ளி உள்ளே போனால் 143.32 கிராம் வெள்ளிக் குளோரைடு வெளியே வரும். ஒரு வெள்ளி அணுவுக்கு ஒரு குளோரின் அணு என்பதால் கூடிய எடை முழுவதும் ஒரு மோல் குளோரின் உடையது. கழித்துப் பாருங்கள்: 35.45.

எண் கிடைத்தது, குழப்பம் தீரவில்லை. 1815-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் ஓர் அழகான கருத்தைச் சொல்லியிருந்தார். எல்லா அணுக்களும் ஹைட்ரஜனால் கட்டப்பட்டவை, ஆகவே அணு நிறைகள் எல்லாம் முழு எண்களாகவே இருக்க வேண்டும் என்றார். கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, சோடியம் 23 என்று பல தனிமங்கள் அவர் பக்கமே நின்றன. ஆனால் குளோரின் முப்பத்தைந்தரையில் நின்று அந்தக் கருத்தை உடைத்தது. எத்தனை முறை சுத்தம் செய்து நிறுத்தாலும் அரை போகவில்லை. அரை ஹைட்ரஜன் என்று ஒன்று கிடையாது. ஒரு நூற்றாண்டு அந்த அரை அப்படியே விடையில்லாமல் இருந்தது.

முடிச்சு அவிழ்ந்ததில் நம் வளைகுடாவின் எதிர்க்கரைக்குப் பங்கு உண்டு. சலாபக் காலத்தில் தூத்துக்குடி, கீழக்கரைத் தோணிகள் மன்னார் வளைகுடாவைக் கடந்து இலங்கையின் மறிச்சுக்கட்டிக் கரை வரை போகும். அந்தத் தீவின் உள்நாட்டில், ஆற்று மணலிலும் சரளையிலும், கறுத்துக் கனத்த கனிமங்கள் கிடைத்தன. 1904-ல் தோரியனைட் என்ற புதுக் கனிமம் அங்கே அறியப்பட்டதில், இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசாமி பங்குகொண்டார். கலை வரலாற்றாளராக நாம் கொண்டாடும் அதே குமாரசாமிதான். அவருடைய தந்தை முத்து குமாரசாமி தமிழர். அந்தக் கனிமத்திலும் அதன் உறவான தோரைட்டிலும் தோரியம் நிறைய, யுரேனியம் கொஞ்சம்.

தோரியம் கதிரியக்கத்தால் படிப்படியாக உருமாறிக் கடைசியில் ஈயமாகிறது. அதன் நிறை எண் 232. வழியில் ஆறு ஆல்பாத் துகள்களை உமிழ்கிறது. ஒவ்வொன்றும் 4 என்பதால் 24 போக 208. யுரேனியம் 238-இலிருந்து எட்டு ஆல்பாத் துகள்கள், அதாவது 32 போக 206. ஆக இரண்டு வகை ஈயம் இருந்தாக வேண்டும்: நிறத்தில், உருகலில், வினையில் வேறுபாடே தெரியாது, எடையில் மட்டும் வேறுபடும். இப்படிப்பட்ட இரட்டையர்களுக்கு வேதியியலாளர் பிரெடெரிக் சாடி 1913-ல் ஐசோடோப்பு என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தால் மட்டும் போதாது, தராசில் காட்ட வேண்டும். அவர் தேடிப்போனது இலங்கைத் தோரைட்டை. அதிலிருந்து ஈயத்தைப் பிரித்து, அதன் அடர்த்தியைச் சாதாரண ஈயத்தோடு ஒப்பிட்டார். இரண்டின் அணுக்களும் ஒரே பருமன் என்றால், எடை கூடிய அளவுக்கு அடர்த்தியும் கூட வேண்டும். கூடியது 0.26 சதவீதம். சாதாரண ஈயத்தின் 207.2-ஓடு அதைச் சேர்த்தால் 207.74 வருகிறது. வேதியியல் முறையில் நிறுத்தபோதும் இலங்கை ஈயம் 207.7-க்கு மேலேயே நின்றது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் தியோடர் ரிச்சர்ட்ஸ் யுரேனியக் கனிமங்களின் ஈயத்தை நிறுத்து 206-ஐ ஒட்டிய எண்களைக் கண்டார். அணு நிறைகளை அளந்ததற்காகவே 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர் அவர். அந்தக் கையே தராசைப் பிடித்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

முத்து வியாபாரிக்கு இது புதிதாக இருந்திருக்காது. ஒரு பாரில், அதாவது கடலடிச் சிப்பிப் படுகையில், எடுத்த முத்தின் சராசரி எடை அடுத்த பாரின் சராசரி எடையாக இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவே மாட்டார். வேதியியல் மட்டும் ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று அணுக் கொள்கை தந்த டால்டன் காலத்திலிருந்து நம்பிவந்தது.

குளோரினின் அரைக்கும் இப்போது வழி பிறந்தது. 1919-ல் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் ஆஸ்டன் அணுக்களுக்கே ஒரு பெட்டி செய்தார். மின்னேற்றிய அணுக்களை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் செலுத்தினால் எடைக்கு ஏற்றபடி அவை வளையும்; கனத்தது குறைவாக, இலேசானது அதிகமாக. ஒளிப்படத் தகட்டில் குளோரின் இரண்டு இடங்களில் விழுந்தது: 35, 37. முப்பத்தைந்தரையில் எதுவும் விழவில்லை. முப்பத்தைந்தரை எடையுள்ள குளோரின் அணு உலகத்தில் எங்கும் இல்லை.

இனி கணக்கைப் போடலாம். குளோரின்-35 இன் துல்லிய நிறை 34.969, இயற்கையில் அதன் பங்கு 75.76 சதவீதம். குளோரின்-37 இன் நிறை 36.966, பங்கு 24.24 சதவீதம். முத்துக்குச் செய்வது போலவே, ஒவ்வொரு பெட்டியின் எடையையும் அதன் பங்கால் பெருக்க வேண்டும்.

34.969 × 0.7576 = 26.493
36.966 × 0.2424 = 8.961

இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 35.45. ஸ்டாஸ் வெள்ளியை நிறுத்துக் கண்ட எண்ணும் இதுதான், ஆஸ்டன் வழியில் அணுவைப் பிரித்தால் வரும் எண்ணும் இதுதான். இரண்டு வழிகளுக்கும் ஒட்டும் உறவும் இல்லை. இருந்தும் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. இந்த இடத்தை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி குறைவதில்லை.

மாணவர்கள் இந்தக் கணக்கில் வழக்கமாகத் தடுக்குகிற இடம் ஒன்று உண்டு. 35-ஐயும் 37-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்று எழுதிவிடுவார்கள். இரு பெட்டியிலும் சம எண்ணிக்கை இருந்தால்தான் அது சரி. நூறு குளோரின் அணுக்களை அள்ளினால் ஏறக்குறைய 76 இலேசானவை, 24 கனத்தவை. சராசரி கூட்டம் அதிகமுள்ள பக்கம் சாயும். விடை 35-க்கு அருகில் விழவில்லை என்றால் கணக்கு தப்பு என்று பேனாவை எடுக்கும் முன்பே சொல்லிவிடலாம்.

கடல் நன்றாகக் கலங்கிய கலவை. ஆகவே தூத்துக்குடி உப்பானாலும் கட்ச் உப்பானாலும் குளோரினின் மோலார் நிறையில் நம் தராசுக்குத் தெரிகிற வேறுபாடு வராது. உலகம் முழுவதும் இயல்பான பொருள்களில் அது 35.446-க்கும் 35.457-க்கும் இடையில் அடங்கிவிடுகிறது. ஈயம் அப்படி அடங்குவதில்லை. வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் இப்போது ஈயத்துக்கு ஒற்றை எண்ணோடு நிற்காமல் 206.14 முதல் 207.94 வரை என்று ஓர் எல்லையே தருகிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் உண்டு. அங்கே பிறந்த ஈயத்தைப் பிரித்து ஒரு மோல் நிறுத்தால் ஆய்வகச் சுவரில் தொங்கும் அட்டவணையின் 207.2 வராது, 208-ஐ நோக்கி ஏறும். நிறுத்தவர் மேல் தவறில்லை, அட்டவணை மேலும் தவறில்லை. பார் வேறு.

கலவையை இயற்கை மட்டும்தான் மாற்ற முடியும் என்பதும் இல்லை. தூத்துக்குடியிலேயே அதற்கென்று ஓர் ஆலை எழுந்தது. ஸ்பிக் உர ஆலைக்குப் பக்கத்தில் 1978-ல் கனநீர் ஆலை இயங்கத் தொடங்கியது. ஹைட்ரஜனுக்கும் இரண்டு பெட்டி உண்டு. இலேசானது 1.008, டியூட்டீரியம் என்ற கனத்தது 2.014. கடல்நீரின் ஹைட்ரஜனில் சுமார் 6,400 அணுக்களுக்கு ஒன்றுதான் டியூட்டீரியம். ஆகவே சராசரி 1.008-ஐ விட்டு அசைவதில்லை. ஒரு மோல் தண்ணீர் 18.015 கிராம். இரண்டு ஹைட்ரஜனும் டியூட்டீரியமாக இருக்கும் நீர் ஒரு மோல் 20.03 கிராம். ஒரு லிட்டர் எடுத்தால் கையே சொல்லும்: ஏறக்குறைய ஒரு கிலோவும் நூறு கிராமும். கல்பாக்கம் போன்ற அணுமின் நிலையங்களுக்கு இந்த நீர்தான் வேண்டும்.

ஒரு கிலோ கனநீருக்கு எவ்வளவு கடல்நீர் தேவை? நம் மோல் கணக்கே விடை தரும். 1000-ஐ 20.03-ஆல் வகுத்தால் 49.9 மோல், அதில் டியூட்டீரியம் அதைப் போல இரு மடங்கு, 99.8 மோல். சாதாரண நீர் ஒரு கிலோவில் 111 மோல் ஹைட்ரஜன். அதில் டியூட்டீரியம் 0.0173 மோல் மட்டும். வகுத்தால் ஏறக்குறைய 5,800 கிலோ. ஒன்றுகூடச் சிந்தாமல் பிடித்தால்தான் இது. தூத்துக்குடி ஆலை கடல்நீரை நேராகத் தொடவில்லை. உர ஆலையின் வாயுவில் இருந்த ஹைட்ரஜனைத் திரவ அம்மோனியாவோடு சேரவிட்டது. பொட்டாசியம் அமைடு வினையூக்கியாக இருக்க, டியூட்டீரியம் வாயுவை விட்டு அம்மோனியாவுக்கு நகரும். ஒரு தடவை சலித்தால் சிறிதளவே சேரும் என்பதால் அடுக்கடுக்காகச் சலிக்க வேண்டும். பித்தளைப் பெட்டிகளை ஒன்றன் கீழ் ஒன்றாகக் குலுக்கிய கரையில் இப்படியும் ஒரு சலிப்பு நடந்தது.

முத்துக்கே திரும்பி வருகிறேன். இயற்கைப் பார்களில் கடைசியாகத் தொடர்ந்து சலாபம் நடந்தது 1955 முதல் 1961 வரை. பிறகு 1973-ல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி சிப்பிக்குள் மணியைப் பதித்து முத்து விளைவிப்பதில் வெற்றி கண்டார். கடலில் தானாக விளைந்த முத்து ஒன்றை, ஒரு மஞ்சாடி எடையில், உள்ளங்கையில் வைத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சிறு பங்கு சிப்பி சுரந்த புரதப் பொருளும் ஈரமும். கார்பனேட்டை 0.23 கிராம் என்று வைக்கலாம். கால்சியம் 40.08, கார்பன் 12.01, மூன்று ஆக்சிஜன் 48.00, கூட்டினால் 100.09. வகுத்தால் 0.0023 மோல். ஒரு மோலின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 1.4 × 10²¹ கால்சியம் அணுக்கள். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் பிரபஞ்சத்தின் வயதைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல் காலம் பிடிக்கும். ஒரு மஞ்சாடி விதையை எதிர்த்தட்டில் போட்டால் தராசு அதை ஒரு நொடியில் எண்ணிவிடுகிறது.

அந்த 48.00-ஐ மட்டும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஆக்சிஜனிலும் இலேசானதும் கனத்ததும் உண்டு: 16, கொஞ்சமாக 18, அதைவிடக் குறைவாக 17. டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்த ஹெரால்டு யூரி 1940-களில் காட்டியது இது: ஓடு கட்டும் உயிர்கள், நீர் குளிர்ந்திருக்கும்போது கனத்த ஆக்சிஜனைச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கின்றன. நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் அப்போது படியும் ஓட்டின் அடுக்கில் உள்ள ஆக்சிஜனின் மோலார் நிறை ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஏறுகிறது. எந்த மஞ்சாடித் தராசும் இதை உணராது. ஆஸ்டன் வழிவந்த கருவிகள் உணர்கின்றன. சித்திரை வெயிலில் படிந்த அடுக்கு ஒரு துளி இலேசு. மார்கழிக் குளிரில் அதன்மேல் படிந்தது ஒரு துளி கனம். பாரில் கிடந்த சிப்பி, தான் வாழ்ந்த ஆண்டுகளை இப்படி அடுக்கடுக்காக எழுதி வைத்திருக்கிறது.